அரை கிளாஸ் டீ

என் அண்ணனுக்குக் கிளாஸ் நிறைய டீ கொடுக்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லித் தந்தவர் டாக்டர் இல்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் ஓபி வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர். 2003ஆம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை. சீட்டு போட்டுவிட்டு வெளியே வந்து, மேடவாக்கம் டேங்க் ரோட்டுக் கடையில் டீ வாங்கி அண்ணன் கையில் கொடுத்தேன். மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து அவன் விரல்கள் நடுங்கும். டீ தளும்பிக் கையிலும் சட்டையிலும் கொட்டியது. கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். நான் பதறிப்போய் துப்பட்டாவால் அவன் சட்டையைத் துடைத்தேன். கொட்டியதைவிட அந்தத் துடைப்புதான் அவனைக் கூச வைத்தது என்று இப்போது தெரிகிறது.

அந்த மனிதர் கடைக்காரரிடம் போய் இரண்டு கிளாஸ் வாங்கி வந்தார். இரண்டிலும் பாதிதான் டீ. ஒன்றை அண்ணனிடம் நீட்டினார். "இத மொதல்ல குடி தம்பி. அப்புறம் இத. கிளாஸ சுத்திப் புடிக்காத, ஆடும். அடியில ஒரு விரல், மேல விளிம்புல ஒரு விரல். அவ்ளோதான்." சொல்லும்போது அவர் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அண்ணன் அதே மாதிரி பிடித்துக் குடித்தான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

அவர் டீ மாஸ்டராக இருந்தவர். தலைக்கு மேலே கையைத் தூக்கி ஆற்றினால் ஒரு துளி வெளியே போகாது என்று பெயர் வாங்கியவராம். நோய் வந்தபோதுகூட வேலை போகவில்லை. மாத்திரை சாப்பிட்டு நோய் அடங்கிய பிறகு கை நடுங்க ஆரம்பித்தது, ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் தொடையில் கொதிக்கும் டீ கொட்டிவிட்டது, அன்றோடு வேலை போனது. கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கும் அறையில்தான் அவர் படுத்திருந்தார். வேலை போனதும் அதுவும் போனது. நாங்கள் அவரைப் பார்த்தபோது அவர் சென்ட்ரல் பக்கம் ப்ளாட்பாரத்தில் படுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை தவறாமல் நடந்தே ஓபிக்கு வந்துகொண்டிருந்தார். நாங்கள் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். இன்றைக்கும் அப்படித்தான்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பது ஒரு வசவு. பள்ளிக்கூடத்தில், ஆபீஸில், சினிமாவில், யாரையாவது மட்டம் தட்ட வேண்டுமென்றால் "இது கீழ்ப்பாக்கம் கேஸு" என்பார்கள். 1794இல் சிறிய காப்பகமாகத் தொடங்கி, 1871இலிருந்து கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் இடம் அது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படும் சாரதா மேனன் தலைமை வகித்த இடம். வசவாகச் சொல்கிறவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்த ஓபி வரிசையில் வந்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அங்கே யாருக்கு நாக்கு வறண்டு பேச்சு வரவில்லை என்று பக்கத்தில் நிற்பவருக்கு உடனே தெரியும், தண்ணீர் பாட்டில் கைமாறும். யாருக்காவது காதுக்குள் கேட்கும் குரல்கள் அதிகமாகிவிட்டால் அவரை வரிசையில் முன்னே விடச் சொல்லி வேறு ஒரு நோயாளிதான் முதலில் சத்தம் போடுவார். கூட வந்த எங்களைப் போன்றவர்கள் எங்கள் முறை போய்விடுமே என்று முணுமுணுப்போம்.

நோயாளிகள் எல்லோரும் தெய்வம் மாதிரி என்று சொல்ல வரவில்லை. என் அண்ணன் ஒருமுறை அம்மாவைத் தள்ளி, அம்மாவின் மணிக்கட்டு பிசகியிருக்கிறது. மாஸ்டரின் செருப்பை ஓபி வாசலிலேயே ஒருவர் திருடிக்கொண்டு போயிருக்கிறார். எல்லா ஜனங்களிலும் இருப்பது அங்கேயும் உண்டு. ஆனால் ஒருவருடைய அவமானத்தை இன்னொருவர் பார்த்த கணமே அதை மூடி மறைக்கும் பழக்கத்தை நான் அந்த வரிசையில் கண்ட அளவுக்கு வேறெங்கும் கண்டதில்லை.

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். பாலிடெக்னிக் முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வருடம் வேலை பார்த்தான். இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. நோயைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

இருபது வருடத்தில் ஐந்து வாடகை வீடு. ஒருவர்கூட எங்களிடம் நோய் என்ற வார்த்தையைச் சொல்லிக் காலி பண்ணச் சொன்னதில்லை. "ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வராங்க." "வீட்ட இடிச்சுக் கட்டப் போறோம்." "வயசுப் பொண்ணுங்க இருக்கிற காம்பவுண்டு, உங்களுக்கே தெரியும்." மூன்றாவது வீட்டை இடித்துக் கட்டவே இல்லை. பத்து வருடம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனேன், அதே பச்சைக் கதவு. பத்து மாத அட்வான்ஸில் வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று கழித்துக்கொண்டு மீதி தருவார்கள். அதை வைத்து அடுத்த அட்வான்ஸ் கட்ட முடியாது. அப்பா சீட்டு எடுப்பார், அம்மாவின் வளையல் கடைக்குப் போகும்.

அம்மாவுக்கு வீடு பார்ப்பதில் ஒரு கணக்கு வந்துவிட்டது. தரைத்தளமாக இருக்க வேண்டும், கடைசிப் போர்ஷனாக இருக்க வேண்டும், மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு பட்டறையோ மாவு மில்லோ இருந்தால் ரொம்ப நல்லது, அண்ணன் சத்தம் போட்டால் வெளியே தெரியாது. புரோக்கரிடம் "பையன் வீட்டுலேர்ந்தே வேலை செய்யறான்" என்று சொல்வார். பொய் சொல்லத் தெரியாத பெண்மணி அவர். அதைச் சொல்லும்போது முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே இருப்பார்.

ஒவ்வொரு முறை குட்டியானையில் சாமான் ஏறும்போதும் அண்ணனுக்கு நோய் கூடும். புது வீட்டில் கால் வைத்ததும் அவன் காது கொடுத்துக் கேட்பான். "நமக்கு முன்னாடியே அவங்க வந்துட்டாங்க" என்பான். அவனைப் பொறுத்தவரை பழைய வீட்டில் அந்தக் குரல்களுக்கு ஒரு இடம் இருந்தது, பாத்ரூம் பக்கத்துச் சுவரில். அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்வான். புது வீட்டில் எது அந்தச் சுவர் என்று தெரிய அவனுக்கு மாதக்கணக்கு ஆகும். அதுவரை தூக்கம் இல்லை. மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள், கை இன்னும் நடுங்கும்.

2014இல் நான்காவது முறை வீடு மாற்றி இரண்டே வாரத்தில் அவன் காணாமல் போனான். பால் வாங்கப் போனவன் கால் பழக்கத்தில் பழைய வீட்டுக்கே போயிருக்கிறான். அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் விரட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து எங்கே போனான் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. காவல் நிலையத்தில் "முப்பது வயசு ஆம்பள, தானா வந்துருவாரும்மா" என்றார்கள். மூன்றாவது நாள்தான் புகாரை எழுதிக்கொண்டார்கள். அப்பா போட்டோவை ஜெராக்ஸ் எடுத்து பஸ் ஸ்டாண்டு பஸ் ஸ்டாண்டாக ஒட்டினார். அம்மா சமைப்பதை நிறுத்திவிட்டார்.

நாற்பத்தொரு நாள்.

வால்டாக்ஸ் ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும், இரவில்தான் அந்தத் தெரு விழித்துக்கொள்ளும். பார்சல் ஆபீஸ்கள், லாரிகள், மீன்பாடி வண்டிகள், மூட்டை தூக்குகிறவர்கள். ஷட்டர் இறக்கிய கடைகளின் படிகளில் வரிசையாக ஆட்கள் படுத்திருப்பார்கள். அங்கே ஒரு ஆயா இருந்தார். அறுபதைத் தாண்டிய வயது. இறந்துபோன தன் கணவரோடு நாள் முழுக்க ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் ஒரு ரேஷன் கார்டைப் பற்றிய சண்டை. அந்தத் தெருவில் எல்லோரும் அவரை "அது" என்றுதான் சொன்னார்கள். "அது நேத்து அந்தப் பக்கம் போச்சு." "அது யாரையும் ஒண்ணும் பண்ணாது." நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்வது போல. நான் அவரைப் பற்றி எழுதும்போது அவர், வந்தார், சொன்னார் என்றுதான் எழுதுவேன்.

அண்ணன் எப்படியோ அந்தப் படிக்கட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான். ஆயா அவனைத் தன் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார். காலையில் அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு ஒரு இட்லி. நான்கு வாங்குவாராம். இரண்டு அண்ணனுக்கு, ஒன்று தனக்கு, ஒன்று கணவருக்கு. கணவருடைய இட்லியைக் கொஞ்ச நேரம் தனியாக வைத்திருந்துவிட்டு, "அவரு வேணான்னுட்டாரு, நீ துன்னு" என்று அதையும் அண்ணனிடமே கொடுத்துவிடுவாராம். இதை அண்ணன் பிறகு என்னிடம் சொன்னான். சிரிக்காமல் சொன்னான். அவன் எப்போதும் அந்தக் கணவரையும் சேர்த்துத்தான் "அவங்க வீட்ல இருந்தேன்" என்பான். படிக்கட்டை வீடு என்றுதான் சொல்வான்.

அண்ணன் சட்டைப் பையில் ஓபி சீட்டு இருந்தது. ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரிடமோ படிக்கக் கொடுத்தால் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் செருகி வைத்துக்கொண்டு, நம்பிக்கையான ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறார். கடைசியில் டீக்கடைப் பையன் ஒருவனிடம் காட்டினார். அவன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவே சைக்கிளில் கீழ்ப்பாக்கம் வந்து, கையில் சீட்டோடு வரிசையில் நின்று விசாரித்திருக்கிறான். அந்தச் சீட்டைப் பார்த்தவுடன் அது யாருடையது என்று சொன்னவர் மாஸ்டர். எங்கள் வீட்டு நம்பர் அவருக்கு மனப்பாடம். ஒரு ரூபாய் காயின் பூத்திலிருந்து அப்பாவுக்குப் போன் செய்தார்.

நானும் அப்பாவும் போனபோது இரவு பதினொன்று இருக்கும். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஆயா தன் முந்தானை நுனியை அண்ணனின் சட்டை ஓரத்தோடு சேர்த்து முடிந்து வைத்திருந்தார். நாங்கள் குனிந்ததும் முழித்துக்கொண்டார்.

"நீதான் தங்கச்சியா கண்ணு? ஒன்னியத்தான் சொல்லிக்கினே இருப்பான்" என்றார். நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, "தூக்கத்துல எழுந்து லாரிக்கு நடுவுல பூடுவான். அதான். அவுத்துக்கினு போணும்னா போலாம், யாரு வேணான்னது? ஆனா போனா எனக்குத் தெரிஞ்சிடும்ல."

ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். 28 பேர் செத்தார்கள். அண்ணனுக்கு நோய் வருவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. அந்தப் போட்டோக்களைப் பேப்பரில் பார்த்த அம்மா, பிறகு யார் என்ன சொன்னாலும் அண்ணனை எங்கும் கொண்டு விடுவதற்குச் சம்மதிக்கவே இல்லை. கட்டிப் போட்டவர்களும் ஓடிப்போய்விடக் கூடாது என்றுதானே கட்டினார்கள். ஆயா முடிந்திருந்த முடிச்சு, அண்ணனின் நடுங்குகிற விரலாலேயே அவிழ்க்கக் கூடிய முடிச்சு. அன்றிரவு அதை நான்தான் அவிழ்த்தேன். நைந்த நூல் சேலை. ஒரே இழுப்பில் வந்துவிட்டது.

அப்பா ஐந்நூறு ரூபாயை எடுத்து நீட்டினார். ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாத்துக்கு நைனா? அவன் இன்னா இங்க வாடகைக்கா இருந்தான்?"

இருபது வருடமாக வாடகை கொடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பதினோராவது மாதமும் அக்ரிமெண்டை நினைத்துப் பயந்துகொண்டிருந்த குடும்பம் எங்களுடையது. அப்பா ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதார். நான் அப்பா அழுது பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அண்ணனும் நானும் ஆயாவைப் பார்க்கப் போவோம். ஒருநாள் தன் கதையைச் சொன்னார். கால்வாய்க் கரையில் குடிசை. பூ கட்டி விற்கிற வேலை. கரையைச் சுத்தம் செய்வதாகச் சொல்லி எல்லோரையும் லாரியில் ஏற்றிக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வீடு கொடுத்தார்கள்தான். ஆனால் பூ வாங்குகிற இடம், விற்கிற கோயில் வாசல், கடன் கொடுக்கிற ஆள், எல்லாம் இருபது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம். கணவர் அங்கே போன மறுவருடம் இறந்தார். ரேஷன் கார்டை மாற்றுவதற்கு அலைந்த அலைச்சலில் இறந்தார் என்பது ஆயாவின் கணக்கு. அந்தச் சண்டைதான் இன்னும் முடியவில்லை. தனியாக அந்த வீட்டில் இருக்க முடியாமல், தெரிந்த தெருவுக்கே திரும்பி வந்துவிட்டார். நோய் முதலில் வந்ததா, வீடு போனது முதலில் வந்ததா என்று யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

சிகிச்சைக்கு வரச் சொல்லிக் கெஞ்சினோம். "எனக்கு இன்னா? நான் நல்லாத்தான் கீறேன்." அப்போது இருந்தது 1987ஆம் வருடத்துச் சட்டம். தெருவில் அலைகிறவரை மருத்துவமனையில் சேர்க்கப் போலீஸ் வழியாக மாஜிஸ்ட்ரேட்டிடம் போய் உத்தரவு வாங்க வேண்டும். குற்றவாளியை ஆஜர்படுத்துவது போல அவரை நிறுத்துவதா என்று அப்பா தயங்கினார், நானும் தயங்கினேன். போர்வை கொடுத்தோம், பாய் கொடுத்தோம், சேலை கொடுத்தோம். எங்கள் வீட்டுக்கு வாங்க என்று மட்டும் நான் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஹவுஸ் ஓனர் என்ன சொல்வார் என்பதுதான் என் மனதில் முதலில் வந்தது. என் அண்ணனை நாற்பத்தொரு நாள் வைத்துக்கொண்டவருக்கு நான் அதைச் சொல்லவில்லை.

2017 கடைசியில் ஒருநாள் போனோம், படிக்கட்டில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். வண்டி வந்து அழைத்துப்போனது என்றார் ஒருவர். தானாகப் போய்விட்டது என்றார் இன்னொருவர். காப்பகங்களில், ஜி.எச்.சில், கீழ்ப்பாக்கத்தில், தெரிந்த இடமெல்லாம் கேட்டோம். பெயர் தெரியாமல் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆயா என்பது பெயர் இல்லையே.

2017இல் இயற்றிய புதிய மனநலச் சட்டம் 2018 மே மாதம் 29ஆம் தேதி அமலுக்கு வந்தது. குடும்பங்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் ஒரு வக்கீல் அதைப் பிரிவு பிரிவாகப் படித்துச் சொன்னார். தெருவில் அலையும் ஒருவரைப் போலீஸார் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கக் கூடாது, வீடில்லாதவராக இருந்தால் காணாமல் போனவர் என்று எஃப்.ஐ.ஆர் போட்டுக் குடும்பத்தைத் தேட வேண்டும். வீடில்லாதவருக்கு ரேஷன் கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். சங்கிலி எந்த வடிவத்திலும் கூடாது. கட்டாயமாக மொட்டை போடக் கூடாது. போக இடமில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. கேட்கக் கேட்க எனக்கு அந்தப் படிக்கட்டுதான் கண்ணில் நின்றது. நல்ல சட்டம். போலீஸ்காரர்களில் எத்தனை பேர் இதைப் படித்திருக்கிறார்கள் என்பது என் கவலை. உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு இரவுக் காப்பகம் வேண்டும் என்று 2010லேயே சொல்லியிருக்கிறது. பின்னாளில் மாஸ்டருக்கு இடம் கிடைத்தது அப்படிப்பட்ட ஒரு மாநகராட்சிக் காப்பகத்தில்தான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எங்கள் வீட்டில் அண்ணனுக்கு ஆறு நாள் மாத்திரைதான் மிச்சம். அப்பா அதற்கு முந்தைய வருடம் போய்விட்டார். அம்மாவுக்குச் சர்க்கரை, வெளியே விட முடியாது. என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது மாஸ்டர் காப்பகத்திலிருந்து போன் செய்தார். "சீட்ட போட்டோ எடுத்து அனுப்பும்மா, நான் பாத்துக்கறேன்." காப்பகக் கண்காணிப்பாளரின் போனில் வாட்ஸ்அப் வாங்கி, எங்களைப் போல நான்கு குடும்பங்களின் சீட்டை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மருத்துவமனைக்கு நடந்தே போய், நான்கு பேருக்கும் மாத்திரை வாங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்று குரல் கொடுத்தார். கொளத்தூர் வரைக்கும் நடந்து வந்தார். வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தியதாம். "நானே பேஷண்ட்டுதான் சார்னு என் சீட்ட காட்டினேன், விட்டுட்டாங்க" என்றார். வெயிலில் அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. மோர் கொடுத்தேன். அரை டம்ளர் அரை டம்ளராக இரண்டு தடவை.

இப்போது இருக்கிற வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தி பேனியன் என்ற அமைப்பைச் சென்னையில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள் தெருவில் விடப்பட்ட மனநோயாளிப் பெண்களுக்காகத் தொடங்கியது. அவர்கள் பிறகு ஒரு வழி கண்டார்கள். குணமான பிறகும் போக இடமில்லாதவர்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடிவைப்பது. யாரோடு இருக்க விருப்பம் என்பதை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். சமையல், சந்தை, கோயில், பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் உண்டு. உதவிக்கு ஒரு பணியாளர் இருப்பார். ஹோம் அகெய்ன் என்று பெயர். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் அதை நல்ல முன்மாதிரியாகச் சேர்த்திருக்கிறது.

அதைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அம்மாவுக்குப் பிறகு அண்ணன் என்ன ஆவான் என்று பத்து வருடமாக என் தொண்டையில் நின்றிருந்த கேள்விக்கு ஒரு வாசல் தெரிந்தது. அதே மாதிரி நாங்களே ஒரு வீட்டில் மூன்று பேரைக் குடிவைப்பது என்று முடிவு செய்தோம்: அண்ணன், மாஸ்டர், அப்புறம் ஓபியில் பழக்கமான ஒரு தம்பி. ஐ.டி.ஐ ஃபிட்டர், அதிகம் பேசமாட்டான், அம்மா கோவிடில் போய்விட்டார், அக்கா மட்டும். அந்த அக்காவும் நானும் சேர்ந்து வீடு தேடினோம். பதினேழு வீடு. இந்த முறை பொய் சொல்வதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். பதினாறு பேர் மறுத்தார்கள். சிலர் மரியாதையாகவே மறுத்தார்கள்.

பதினேழாவது, திருமுல்லைவாயலில். ரிட்டயர் ஆன டீச்சர் அம்மா. முழுவதும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "யாருக்காவது ராத்திரி முடியலைன்னா நான் யாருக்குப் போன் பண்ணணும்?" என் நம்பரையும் அந்த அக்காவின் நம்பரையும் காலண்டர் அட்டைக்குப் பின்னால் எழுதிக்கொண்டார். ஒன்பதாயிரம் வாடகை, ஆளுக்கு மூவாயிரம். காலையில் ஒரு அம்மா வந்து சமைத்துவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை நானோ அந்த அக்காவோ போவோம்.

அந்த வீட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஞாயிறு மதியம் அண்ணனுக்குக் குரல்கள் அதிகமாகிவிட்டது. ஹாலின் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, காதைப் பொத்திக்கொண்டு, பதில் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் வீடாக இருந்தால் அம்மா ஜன்னலைச் சாத்துவார், நான் "ஒண்ணுமில்ல அண்ணா, ஒண்ணுமில்ல" என்று பின்னாலேயே போவேன். அந்தத் தம்பி சமையல் கட்டிலிருந்து ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை எடுத்து வந்து ஹால் நடுவில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அவனைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கால் மணி நேரம் இருக்கும். பிறகு எதிரில் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்தான். நடுங்குகிற விரலால் ஒரு வெங்காயம் உரிக்கப் பத்து வெங்காயத்தின் நேரம் ஆகும். தம்பி தன் வேகத்தையும் குறைத்துக்கொண்டான். அன்றைக்கு அந்த வீட்டில் சாம்பாருக்கு வேண்டியதைப் போல நான்கு மடங்கு வெங்காயம் உரிபட்டது. ஒண்ணுமில்ல என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஏதோ இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், அவனுக்கும் கேட்கிற குரல்தானே.

வெளியாட்கள் உதவ வரும்போது எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிறந்தநாளுக்குக் காப்பகங்களில் சாப்பாடு போடுகிறவர்கள், சாப்பிடும் முன் அவர்களை எழுந்து நிற்க வைத்து வாழ்த்துப் பாடச் சொல்லாதீர்கள். போட்டோ எடுக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள், போதும். மாஸ்டர் காப்பகத்தில் இருந்த வருடங்களில் யார் யாருக்கோ எத்தனை முறை வாழ்த்துப் பாடியிருப்பார். அவருடைய பிறந்தநாளை யாரும் கேட்டதில்லை. ஆதார் கார்டு வாங்கியபோது அவர் சொன்ன தேதி ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாத எத்தனையோ பேருக்கு அதுதான் தேதி.

போன மாதம் அக்ரிமெண்ட் புதுப்பிக்கும் நாள் வந்தது. இதுவரை எங்கள் குடும்பத்தில் எல்லா அக்ரிமெண்டும் அப்பா பெயரில், அப்புறம் என் பெயரில். டீச்சர் அம்மா, "இருக்கிறது அவங்க. அவங்க போட்டா என்ன?" என்று கேட்டார். எனக்குத் தைரியம் வரவில்லை. வக்கீலிடம் கேட்டேன். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கோர்ட் அப்படிச் சொல்லியிருந்தால் தவிர, என்று அந்த 2017ஆம் வருடச் சட்டத்தின் மூன்றாவது பிரிவிலேயே இருக்கிறது என்றார். தெளிவாக இருக்கும்போது போட்ட ஒப்பந்தம் செல்லும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டமும் சொல்கிறதாம். இத்தனை வருடமாக அவனுக்குக் கையெழுத்து உண்டு என்பதே எனக்குத் தோன்றவில்லை.

மூன்று பேரும் முகச்சவரம் செய்துகொண்டு டீச்சர் அம்மாவின் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். மாஸ்டர் முதலில் போட்டார். தம்பி அடுத்து, ஆங்கிலத்தில், ஐ.டி.ஐ சர்டிபிகேட்டில் இருப்பது போலவே. அண்ணன் முறை வந்தபோது பேனா தாளைத் தொட்டதும் விரல் ஆட ஆரம்பித்துவிட்டது. கோடு போட்ட இடத்தில் பேனா இரண்டு முறை வழுக்கியது. நான் எழுந்தேன், உட்கார்ந்துவிட்டேன். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் தாளின் ஓரத்தை ஒரு விரலாலும், அண்ணனின் முழங்கையை இன்னொரு கையாலும் மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மாஸ்டரின் கையும் நடுங்கியது. இரண்டு நடுக்கமும் சேர்ந்து அந்த மேஜை லேசாக ஆடியது. அண்ணன் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் போட ஆரம்பித்தான்.

டீச்சர் அம்மா எழுந்து போய், காகிதம் பறக்காமல் இருக்க, ஃபேனை நிறுத்தினார்.